ராட்சசி குடித்த மிச்சம்

“அப்போ பட்டனை யாருமே அமுக்கல. ஆனா லிஃப்டு பாட்டுக்கு மேல போய்க்கிட்டே இருக்கு. அதானே?”

“கிட்டத்தட்ட.”

“கிட்டத்தட்டன்னா என்ன? ஆமான்னு சொல்லு, இல்ல இல்லைன்னு சொல்லு. லேப்ல வேலை பாக்குறவங்க வாயிலேர்ந்து ஒரு பேச்சு நேரா வராது.”

“நான் என்னடா லேப்பு. குப்பி கழுவுறவ.”

“குப்பி கழுவுறவதான் என்னைத் தூக்கி நிறுத்தியிருக்கா. கோட்டு போட்டவன் எல்லாம் கையை விரிச்சுட்டான்ல.”

தம்பி சாப்பாட்டு மேசை மேல் பழைய செய்தித்தாளை விரித்து, தீப்பெட்டி அளவிலான ஒரு ரிலே சுவிட்சைப் பிரித்துப் போட்டிருந்தான். லிஃப்ட் மெக்கானிக்குகள் வேலையை வீட்டுக்குக் கொண்டுவர மாட்டார்கள். கொண்டுவர முடியாது. ஆனால் இந்த ஒரு சாமானை அவன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வந்திருந்தான், அக்காவுக்குக் காட்டுவதற்காக. ஸ்க்ரூடிரைவர் நுனியால் உள்ளே இருந்த இரண்டு செம்பு முனைகளைத் தொட்டான்.

“இங்க பாரு. ரெண்டும் தீஞ்சு ஒட்டிக்கிச்சு. ஸ்பிரிங் இழுத்துப் பாக்குது, வர மாட்டேங்குது. மேல இருக்குற போர்டுக்கு என்ன தெரியும்? யாரோ பட்டனை அமுக்கிட்டே நிக்கிறாங்கன்னு நெனச்சுக்கும். போ போன்னு மோட்டாருக்குச் சொல்லிட்டே இருக்கும். என் நெஞ்சுக்குள்ள இருக்குறதும் இந்தக் கேஸுதான?”

“இந்தக் கேஸுதான்.”

அதைவிடச் சரியாக அவளாலும் சொல்லியிருக்க முடியாது. ஒவ்வொரு செல்லின் மேல்தோலிலும் அழைப்பு மணி போலச் சில புரதங்கள் உண்டு. வளரச் சொல்லி வெளியே இருந்து ஒரு சேதி வந்து தொட்டால், மணி உள்ளே அடிக்கும். ஒரு புரதம் இன்னொன்றைத் தட்டி எழுப்ப, அது மற்றொன்றை எழுப்ப, கைமாறிக் கைமாறிச் சேதி நடு அறைக்குப் போய்ச் சேரும். செல் இரண்டாகப் பிரியும். வேலை முடிந்ததும் மணி அடங்கிவிட வேண்டும். அடங்காமல் ஒட்டிக்கொண்டால், யாரும் கூப்பிடாமலே அந்தச் செல் கதவைத் திறந்து திறந்து பெருகிக்கொண்டே போகும்.

“மாத்திரை அந்த எடத்துல போய் ஆப்பு மாதிரி சொருகிக்குது. ஒரே ஆப்பு, கதை முடிஞ்சுது” என்று சொல்லி அவன் சிரித்தான். சிரிப்பு பாதியில் இருமலாக மாறியது.

அக்கா தண்ணீரை நகர்த்தி வைத்துவிட்டு மனதுக்குள் எண்ணினாள். பதினொன்று. போன புதன்கிழமை நான்கோ ஐந்தோதான் இருந்தது.

“தூசி. அந்த லிஃப்டுக் குழிக்குள்ள இருவது வருசத்துத் தூசிக்கா” என்றான் அவள் முகத்தைப் பார்த்து.

அவள் தலையாட்டினாள். தூசியாகவே இருக்கட்டும் என்றுதான் அவளும் விரும்பினாள்.

வீட்டில் மட்டுமல்ல, ஆய்வகத்திலும் அவளுக்கு அக்கா என்றுதான் பெயர். ஆராய்ச்சிக்கு வந்தவர்களில் அவளைவிட மூத்தவர்கள்கூட அப்படியே கூப்பிட்டார்கள். செல் வளர்ப்பு அறை அவள் பொறுப்பு. சன்னல் இல்லாத அறை. உடம்புச் சூட்டிலேயே எப்போதும் இருக்கும் இரும்பு அலமாரிகள். அவற்றுக்குள், படுக்கவைத்த தட்டையான குப்பிகளில், இளஞ்சிவப்பு மீடியாவுக்கு அடியில் கண்ணுக்குத் தெரியாத உயிர்கள். மீடியா என்பது அவற்றின் சாப்பாடு. தின்று செழித்தால் அது மஞ்சளாகும். தின்னாமல் கிடந்தால் அப்படியே சிவப்பாக நிற்கும். இருபது வருடமாக அந்த நிறங்களைப் பார்த்துப் பார்த்து, அக்காவுக்குக் கனவுகள்கூட அந்த இரண்டு நிறத்தில்தான் வந்தன. சில நாள் கனவில் அவள் ஒரு பெரிய குப்பிக்குள் படுத்திருப்பாள். மேலே யாரோ குனிந்து பார்த்து, இன்னும் சிவப்பாத்தான் இருக்கு என்று சொல்லிவிட்டு விளக்கை அணைப்பார்கள்.

அந்த அறையில் ஒரு ராட்சசி இருந்தாள். எத்தனையோ வருடங்களுக்கு முன் செத்துப்போன யாரோ ஒரு பெண்ணின் கட்டியிலிருந்து எடுத்து, இன்றுவரை சாகாமல் பெருகிக்கொண்டிருக்கும் செல்கள். புதிதாக வருகிறவர்கள் கைபழகுவதற்கு அவளைத்தான் கொடுப்பார்கள். எப்படிக் கொடுமைப்படுத்தினாலும் சாக மாட்டாள். இரண்டே நாளில் மீடியாவை மஞ்சளாக்கிவிட்டு இன்னும் கொண்டா என்பாள். ஒரு செல் வேறு குப்பிக்குள் விழுந்தால் போதும், அங்கே இருப்பவர்களை எல்லாம் பட்டினி போட்டு அந்த வீட்டையே எழுதி வாங்கிக்கொள்வாள். அதனால் அறையில் ஒரு விதி: ராட்சசியை நாளின் கடைசியில்தான் எடுக்க வேண்டும், அவளைத் தொட்ட கருவியால் வேறெதையும் தொடக்கூடாது. அந்த விதியைக் கொட்டை எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டியவள் அக்காதான்.

ஏழு மாதம் முன்னால், புற்றுநோயால் தம்பியின் நெஞ்சில் சேர்ந்திருந்த நீரை ஊசி போட்டு வெளியே எடுத்தார்கள். ஒரு பாட்டில் மருத்துவமனையின் சோதனைக்குப் போனது. இன்னொரு பாட்டில், அவன் கையெழுத்தோடு, அக்கா வேலை பார்க்கும் ஆய்வகத்தின் தலைவியான மேடத்திடம் வந்தது. மருத்துவமனை முதலில் எடுத்த சதைத் துண்டு கடுகளவு. ஒரு சோதனையிலேயே தீர்ந்துபோயிற்று. எந்தச் சுவிட்ச் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று கண்டுபிடிக்க வேண்டுமானால், இந்த நீரில் இருக்கும் செல்கள் வளர்ந்தால்தான் உண்டு.

அக்கா எல்லாவற்றையும் வளர்ப்பதற்கே போட்டாள். உறையவைக்க ஒரு சொட்டுகூட எடுத்துவைக்கவில்லை. கொஞ்சமாக இருந்ததைப் பங்கு போட மனசு வரவில்லை.

அவை வளரவில்லை. ஒரு வாரம், இரண்டு வாரம், ஐந்து வாரம். திராட்சைக் கொத்துபோல் சிறு சிறு உருண்டைகளாக ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு மிதந்தன. மீடியா சிவப்பாகவே நின்றது. ஒவ்வொரு நாளும் ஒரு கொத்து உதிர்ந்தது. அந்தப் பக்கம் மருத்துவமனையில் தம்பிக்கு நரம்பில் மருந்து ஏறிக்கொண்டிருந்தது. அது நோயைக் கொஞ்சம் கட்டிப்போட்டது உண்மை. கூடவே விரல் நுனிகளை மரக்கட்டை ஆக்கிவிட்டது. “ஸ்க்ரூவைத் தொட்டா ஸ்க்ரூ மாதிரி இல்லக்கா. பஞ்சு மாதிரி இருக்கு. பஞ்சை வச்சு நான் எந்த லிஃப்டை மாட்டுறது” என்று அவன் அழுத நாள் ஒரு வியாழக்கிழமை.

அடுத்த நாள்தான் அக்கா அதைச் செய்தாள்.

செல்களுக்குத் தனிமை ஆகாது. பக்கத்தில் ஆள் வேண்டும். ஒன்று சுரந்து விடுவதை இன்னொன்று வாங்கிக்கொள்ளும். இருக்கிறாயா, இருக்கிறேன், பெருகு, பெருகுகிறேன் என்று ஓயாத பேச்சு. அந்தப் பேச்சு மீடியாவில் கரைந்து கிடக்கும். அதனால் நோஞ்சான் செல்களுக்கு, நன்றாக வளரும் செல்கள் குடித்து மிச்சம் வைத்த மீடியாவை ஊட்டுவது இந்தத் தொழிலில் பழைய கைமருந்து. தவறே இல்லை. ஒரே ஒரு நிபந்தனை: அந்த மிச்சத்தில் ஒரு செல்கூட இல்லாதபடி நுண்ணிய ஃபில்டரில் வடிகட்ட வேண்டும்.

அன்று ஃபில்டர் பெட்டி காலி. புதுப்பெட்டி திங்கட்கிழமை வரும். குப்பியில் உயிரோடு மிஞ்சியிருந்த கொத்துகள் ஏழு. திங்கட்கிழமை வரை தாங்காது என்று அவளுக்குப் பட்டது. ராட்சசியின் குப்பியிலிருந்து மஞ்சள் நீரை உறிஞ்சி, இயந்திரத்தில் வேகமாகச் சுழற்றினாள். செல்கள் அடியில் படிந்துவிடும் அல்லவா. மேலே தெளிந்ததை மட்டும் நிதானமாக, கை நடுங்காமல் எடுத்தாள். சுவரில் ஒட்டிய தாள் அவள் முதுகுக்குப் பின்னால் இருந்தது. குறிப்பேட்டில் ‘மீடியா மாற்றப்பட்டது’ என்று இரண்டே வார்த்தை எழுதினாள்.

எட்டாம் நாள் குப்பி மஞ்சளாகியிருந்தது.

கொத்துக் கொத்தாக இருந்தவை இப்போது தரை ஓடுகள் பதித்தாற்போல் தட்டையாக, கோணல்மாணலாக, இடம்விடாமல் பரவியிருந்தன. முகம் மாறிவிட்டதே என்று ஒரு கணம் உறுத்தியது. பிழைத்து எழுந்த உடம்பு முன்னைப்போலவா இருக்கும் என்று அவளே அவளுக்குப் பதில் சொல்லிக்கொண்டாள். உச்சி குளிர்ந்துபோயிருந்த நேரம். அறைக்கு வெளியே ஓடி, யாரிடமும் காட்டாத கண்ணீரை மேடத்திடம் காட்டினாள்.

பிறகு எல்லாம் மளமளவென்று நடந்தது. செல்களில் ஒட்டிக்கொண்ட சுவிட்ச் எது என்று தெரிந்தது. அதற்கு ஆப்பு வைக்கும் மாத்திரை ஏற்கெனவே வேறொரு நோய்க்குக் கடையில் இருந்தது. குப்பியில் போட்டார்கள். மூன்றே நாளில் பெருக்கம் நின்றது. டாக்டர் தயங்கினார். மருத்துவமனைக் குழு தயங்கியது. மேடம் படங்களை எடுத்துக்கொண்டு நேரில் போய்ப் பேசினார். நரம்பு மருந்தை நிறுத்தி மாத்திரையைத் தொடங்கினார்கள். ஒன்பது வாரம் ஆகிறது. விரல்களில் உணர்ச்சி மெல்லத் திரும்பியது. தம்பி வேலைக்குப் போக ஆரம்பித்தான். அடுத்த ஸ்கேன் இன்னும் பத்து நாளில்.

புதன்கிழமை அவன் பதினொரு முறை இருமினான். வெள்ளிக்கிழமை காலை அக்காவுக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது.

ஒன்றும் பெரிய விஷயமில்லை, வழக்கமான சடங்கு. கட்டுரை எழுதுவதற்கு முன் செல்கள் இன்னாருடையவை என்று அத்தாட்சி வேண்டும். தம்பியின் ரத்தத்திலிருந்து ஒரு குழாய், குப்பிச் செல்களிலிருந்து ஒரு குழாய் என்று வெளியே ஒரு சோதனைக்கூடத்துக்கு அவள்தான் அனுப்பியிருந்தாள். டி.என்.ஏ.வில் பதினாறு இடங்களைப் படித்து, எதிரெதிரே எண்களாக எழுதித் தருவார்கள். எல்லா வரியும் ஒத்துப்போக வேண்டும்.

முதல் வரி ஆணா பெண்ணா என்பது. ரத்தத்துக்கு நேரே, ஆண். செல்களுக்கு நேரே, பெண்.

குழாய்களை மாற்றி வைத்துவிட்டார்கள் என்றுதான் முதலில் நினைத்தாள். கோபம்கூட வந்தது. பிறகு மற்ற வரிகளைப் பார்த்தாள். பதினைந்தில் மூன்று தற்செயலாக ஒத்துப்போயின. பாக்கி எதுவும் ஒட்டவில்லை. கடைசியில் ஒரு குறிப்பு: இந்த எண்கள் பல ஆய்வகங்களில் உள்ள ஒரு பழைய செல் வகையோடு முழுவதுமாகப் பொருந்துகின்றன.

அறையில் அலமாரிகள் உறுமிக்கொண்டிருந்தன. அக்கா நாற்காலியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வேகமாகச் சுழற்றியும் மேலே மிதந்து நின்ற ஒரே ஒரு செல். அது தம்பியின் குப்பியில் இறங்கி, அவனுடைய ஏழு கொத்துகளையும் பட்டினி போட்டு, அவன் இடத்தில் படுத்துக்கொண்டது. தம்பியின் செல்களை அவள் என்றைக்கோ, மிஞ்சிய நீரோடு நீராக, ப்ளீச்சிங் வாளியில் கொட்டியிருக்கிறாள். எந்த நாள் என்றுகூடத் தெரியாது. எப்போதோ செத்துப்போன ஒரு பெண்ணுக்குச் சரியான மருந்தை, அவள் தம்பி ஒன்பது வாரமாக விழுங்கிக்கொண்டிருந்தான்.

மணி பத்தரை. அறிக்கை அவளுக்கு மட்டுமே வந்திருந்தது.

எழுந்து ஃப்ரீசரைத் திறந்தாள். வெள்ளைப் புகை முழங்கால் வரை இறங்கியது. மூன்றாவது தட்டில், தம்பியின் ரத்தத்திலிருந்து எடுத்த டி.என்.ஏ. இன்னும் ஒரு குழாய் மிச்சம் இருந்தது. சுண்டுவிரல் நகம் அளவு. இதன் மேல் ‘செல்’ என்று எழுதி மறுசோதனைக்கு அனுப்பினால் பதினாறு வரியும் அச்சடித்தாற்போல் பொருந்தும். முதல் தடவை குழாய் மாறிவிட்டது என்று சொன்னால் யாரும் மறுக்க மாட்டார்கள். மேடத்தின் கட்டுரை வரும். தம்பி சிரித்துக்கொண்டே இருப்பான். ஸ்கேன் வருகிறபோது வரட்டும். சில பேருக்கு மருந்து வேலை செய்யாமல் போவது உலகத்தில் இல்லாததா?

குழாய் விரல்களைக் கடித்தது. பிடித்துக்கொண்டே நின்றாள். கடி எரிச்சலாகி, எரிச்சல் மரத்துப்போய், விரல் நுனிகளில் ஒன்றுமே தெரியாமல் போனது. பஞ்சு மாதிரி. அவளுக்குத் திடுக்கென்றது. குழாயைத் தட்டில் வைத்து ஃப்ரீசரைச் சாத்தினாள். அறிக்கையை அச்செடுத்து மேடத்தின் அறைக்குப் போனாள்.

மேடத்துக்கு ஆய்வகத்தில் ஐஸ் என்று பெயர். எல்லா வேலையையும் ஐஸ் வாளி பக்கத்தில் வைத்துச் செய்கிறவர் என்பது ஒரு காரணம். திட்டும்போதுகூடக் குரல் உயராது என்பது இன்னொன்று. அவர் தாளை இரண்டு முறை படித்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

“எப்படிம்மா?”

அக்கா சொன்னாள். வெள்ளிக்கிழமை, காலியான பெட்டி, மஞ்சள் நீர். சொல்லும்போது குரல் அவளுடையதுபோல் இல்லை.

“ஃபில்டர் பண்ணல.”

“பண்ணல மேடம். சுத்தவிட்டுத்தான் எடுத்தேன்.”

“சுத்தவிட்டா போதாதுன்னு இந்த ரூமுக்கு வர்ற எல்லாருக்கும் நீதான சொல்லிக்குடுப்ப?”

“நான்தான்.”

வெளியே யாரோ கதவைத் தட்டினார்கள். “அப்புறம் வாங்க” என்று திரும்பாமலே சொன்னார்.

“நான் கேட்டிருக்கணும்” என்றார் பிறகு. “அஞ்சு வாரம் செத்துக் கெடந்தது ஒரே வாரத்துல எந்திரிச்சு உக்காந்தா, எப்படின்னு கேட்டிருக்கணும். வேற யாராவது பண்ணியிருந்தா கிழிச்சிருப்பேன். நீ அழுதுட்டு வந்து நின்ன. எனக்கும் அது வேணும்னு இருந்துச்சு. நானும் வாயை மூடிக்கிட்டேன்.”

அப்படி அவர் சொல்லாமல் இருந்திருக்கலாம். நாலு வார்த்தை திட்டியிருந்தால் அக்காவுக்கு நிற்க ஒரு தரை கிடைத்திருக்கும்.

டாக்டரை ஸ்பீக்கரில் போட்டார்கள். அவர் குறுக்கே பேசாமல் கேட்டார். பின்னால் தட்டச்சுச் சத்தம் கேட்டது.

“இருமல் இருக்கா அவருக்கு?” என்று கேட்டார்.

மேடம் அக்காவைப் பார்த்தார்.

“இருக்கு டாக்டர். ரெண்டு வாரமா ஏறிக்கிட்டு வருது.”

“என்கிட்ட இல்லைன்னாரே.”

“என்கிட்ட தூசின்னு சொன்னான்.”

“நீர் திரும்ப சேர்ந்திருக்கும்” என்றார் டாக்டர். “போன வாரம் எடுத்த ரத்தத்துல கல்லீரல் என்சைம் அளவு மூணு மடங்கு ஏறியிருக்கு. மாத்திரை பலன் குடுக்குதுன்னு நெனச்சுத்தான் பொறுத்துக்கிட்டேன். பலன் இல்லைன்னா இனிமே ஒரு மாத்திரைகூட வேண்டாம். இன்னியோட நிறுத்திடுங்க. திங்கட்கிழமை காலைல கூட்டிட்டு வாங்க. ஊசி போட்டு நீர் எடுக்கணும், பழைய மருந்தை மறுபடி ஏத்தணும்.” தட்டச்சுச் சத்தம் நின்றது. “ஒன்பது வாரம்” என்றார், தனக்குத்தானே சொல்வதுபோல். “அவர்கிட்ட நான் போன்ல சொல்லட்டுமா?”

“வேண்டாம் டாக்டர். நான் சொல்றேன்.”

“இன்னிக்கு மாத்திரை எத்தனை மணிக்கு?”

“நாலு மணிக்கு. அலாரம் வச்சிருக்கான்.”

அக்கா செல் அறைக்குத் திரும்பி, ‘தம்பி’ என்று நீல டேப்பில் எழுதி ஒட்டியிருந்த ஆறு குப்பிகளையும் வெளியே எடுத்தாள். வாளியில் கொட்டப் போனவள் நிறுத்தினாள். டேப்பை மட்டும் ஒவ்வொன்றாக உரித்தாள். உரித்தவற்றைக் குப்பையில் போட மனமில்லாமல் புறங்கையில் ஒட்டிக்கொண்டாள். பேருந்தில் பக்கத்து இருக்கைப் பெண் அதை உற்றுப் பார்த்தபோதுதான் நினைவு வந்து, கையைப் பைக்குள் மறைத்தாள்.

அவன் வேலை செய்த கட்டடம் பதினான்கு மாடி. முன்வாசலில் ‘லிஃப்ட் பழுதுபார்க்கப்படுகிறது’ என்ற பலகை அவன் கையெழுத்தில் தொங்கியது. மணி மூன்று இருபது. அக்கா படியேறத் தொடங்கினாள்.

என்ன சொல்வது என்று பேருந்திலேயே வரிசைப்படுத்தி வைத்திருந்தாள். முதலில் டாக்டர் பேசினார் என்று சொல்வது. பிறகு ஒரு தப்பு நடந்துவிட்டது என்பது. பிறகு அது யார் செய்த தப்பு என்பது. நான்காம் மாடியில் யாரோ வீட்டில் துணி துவைக்கும் இயந்திரம் சுழலும் ஓசை கேட்டது, முதல் வாக்கியம் உதிர்ந்தது. ஏழாம் மாடியில் ஒரு சைக்கிள் சங்கிலிபோட்டுக் கட்டியிருந்தது. அங்கே மூச்சு வாங்க நின்றபோது இரண்டாவது வாக்கியமும் போனது. இவ்வளவு படிகளையும் அவன் தினம் ஏறுகிறான், அந்த நெஞ்சை வைத்துக்கொண்டு. பதினான்காம் மாடியில் ஒன்றுதான் மிச்சம் இருந்தது. நான்தான்டா.

அதற்கும் மேலே, இரும்பு ஏணிக்குப் பின்னால் இயந்திர அறை. எண்ணெயும் சூடான செம்பும் கலந்த வாடை. சுவர் முழுக்கப் பெட்டிகள், பெட்டிகளுக்குள் ரிலேக்கள் டக் டக்கென்று பேசிக்கொண்டிருந்தன. ஒரு ஸ்டூலில் தம்பியின் கூட்டாளி உட்கார்ந்திருந்தார். அவருக்கு ஓவர்லோடு என்று பெயர். அவர் ஏறினாலே லிஃப்ட் கத்தும்.

“அடடே, வாங்க வாங்க” என்று அவர் எழுந்து ஸ்டூலைத் துடைத்தார். “டேய், உங்க அக்கா வந்திருக்காங்கடா! குழிக்குள்ள இருக்கான். வந்துருவான். உக்காருங்கம்மா. என்னம்மா, படியிலயா ஏறி வந்தீங்க? என்னை ஏறச் சொல்லியிருந்தா நான் பாதியிலேயே உயில் எழுதியிருப்பேன்.”

“பரவால்லண்ணே.”

“உங்களை என்னமோன்னு நெனச்சேன். இவன் ஓயாம உங்க பேச்சுதான். அக்கா என் நெஞ்சுத் தண்ணிய எடுத்து எனக்கு ஒரு வாரிசு வளக்குறாங்கறான். கல்யாணம் ஆகாம வாரிசு வந்த ஒரே ஆளு நான்தான்கறான்.” குரலைத் தணித்தார். “எங்க ஆளுங்க அத்தனை பேரும் அவன் கதை முடிஞ்சுதுன்னு நெனச்சோம்மா. மனசாரச் சொல்றேன். நீங்க இருக்கீங்களே…”

அக்கா பையின் வாரை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

தரையில் இருந்த சதுரத் துளை வழியாகத் தம்பியின் தலை வந்தது. முடியெல்லாம் கிரீஸும் சாம்பல் தூசியும். மேலே ஏறி வந்து முழங்காலில் கை ஊன்றிக்கொண்டு இருமினான். அவள் எண்ணவில்லை.

“பாத்தியா, தூசின்னா நம்பல” என்றான் நிமிர்ந்து. “என்னக்கா, வேலை நேரத்துல? ஐஸு தொரத்திவிட்டுச்சா?”

“லீவு சொல்லிட்டு வந்தேன். உன்கிட்ட பேசணும்.”

“நானும் உன்கிட்ட ஒண்ணு பேசணும். மொதல்ல இதைப் பாரு.” அவள் கையைப் பிடித்து ஒரு பெட்டியின் முன்னால் இழுத்துப் போனான். “அன்னிக்குக் காட்டுனேன்ல, அந்த ஒட்டிக்கிட்டது. இதோ, இந்த எடம். புதுசு மாட்டிட்டேன். என் விரலாலேயே மாட்டுனேன். ஸ்க்ரூ ஸ்க்ரூவா இருந்துச்சுக்கா. அண்ணே, ஒரு தடவ கீழ்ப் பட்டனை அமுக்குங்க.”

ஓவர்லோடு எதையோ அமுக்கினார். டக்கென்று ஒரு முனை ஒட்டியது. மோட்டார் உறுமி, கயிறுகள் ஓடி, நின்றது. முனை விலகியது.

“விட்டுருச்சு பாத்தியா” என்றான் தம்பி, குழந்தைபோல். “சொன்ன பேச்சைக் கேக்குது.”

“டேய்.”

“சொல்லு.”

அவள் வாயைத் திறந்தாள். அந்த நேரம் பார்த்து அவன் சட்டைப் பையில் அலாரம் அடித்தது. அவன் அதை நிறுத்தி, கால்சட்டைப் பையிலிருந்து மாத்திரை அட்டையை எடுத்தான். கிரீஸ் கையைத் துணியில் துடைத்துவிட்டு ஒன்றைப் பிதுக்கி உள்ளங்கையில் போட்டுக்கொண்டான். ஓவர்லோடு தண்ணீர் பாட்டிலைத் திறந்து நீட்டினார். தினமும் செய்கிற வேலை என்பது தெரிந்தது.

“இருடா” என்றாள் அக்கா. “அதைப் போடாத. நான் சொல்றதைக் கேட்டுட்டு…”

“எங்க ஓடப்போகுது. போட்டுக்கிறேன், நாலு மணின்னா நாலேகாலா இருக்கட்டும். நான் மொதல்ல சொல்லிடுறேன், அப்புறம் நீ திட்டு.” பாட்டிலை ஒரு கையிலும் மாத்திரையை இன்னொரு கையிலும் வைத்துக்கொண்டு அவன் சுவரில் சாய்ந்தான். சட்டென்று கூச்சம் வந்தவன்போல் குரலை இறக்கினான். “ராத்திரி படுத்தா இந்தப் பக்கம் இழுக்குதுக்கா. உன்கிட்ட சொல்லல. சொன்னா நீ சாப்பிட மாட்ட. பயமாத்தான் இருக்கு. அப்போ எல்லாம் உன் குப்பியைத்தான் நெனச்சுக்குவேன். அங்க நின்னுருச்சுல்ல, இங்கயும் நிக்கும்னு. எப்படி இருக்கும்னு தெரியாம சும்மா நெனச்சுப் பாக்குறேன். ஒரு நாளு திராட்சை மாதிரின்னு சொன்ன, ஒரு நாளு ஓடு பதிச்ச மாதிரின்னு சொன்ன.”

அவள் புறங்கையில் ஒட்டியிருந்த நீல டேப்பை அவன் பார்த்துவிட்டான். அதன் மேல் அவளுடைய குண்டு எழுத்தில் ‘தம்பி’ என்று இருந்தது. அவன் முகம் மலர்ந்தது.

“ஐயோ, பேரெல்லாம் எழுதி வச்சிருக்கியா!” என்றான். “திங்கட்கிழமை எனக்கு அரை நாள் லீவு. கோட்டு வேணும்னா போட்டுக்குறேன், எதையும் தொட மாட்டேன், ஐஸு முன்னாடி வாயே தொறக்க மாட்டேன். மைக்ராஸ்கோப்புல ஒரே ஒரு தடவ என் செல்லை எனக்குக் காட்டுக்கா. கூட்டிட்டுப் போறியா?”